உறுப்புத் தானம்: வீட்டில் பேச வேண்டிய பேச்சு



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்ளும் பொருள். சாவைப் பற்றியது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது சாவைப் பற்றி வாய் திறந்தால், "நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுற?" என்று அதட்டல் விழும். விளக்கு வைத்த நேரமானால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் சில பேச்சுகளை நல்ல நேரத்தில் பேசி வைத்தால்தான், கெட்ட நேரத்தில் திகைத்து நிற்காமல் இருக்க முடியும். அப்படிப்பட்ட பேச்சுதான் உறுப்புத் தானம். இதை எங்கள் குடும்பம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் அண்ணன் மகன் செம்பனை ஆலையில் இரவு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். வயது இருபத்து மூன்று. தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையைத் தொடும் இடத்தில் ஒரு லாரி. தலையில் அடி. மூன்றாம் நாள் காலை, மருத்துவர் எங்களை ஒரு சிறிய அறைக்குள் அழைத்து உட்கார வைத்தார். மூளை முழுவதும் செயலிழந்துவிட்டது, பையன் இறந்துவிட்டான் என்றார். அண்ணி எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். பையனின் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "மூச்சு விடுறானே ஐயா! தொட்டா சூடா இருக்கானே!" என்று கதறினார்.

சற்று நேரம் கழித்து, தமிழ் பேசும் தாதி ஒருவர் வந்து அண்ணனின் பக்கத்தில் அமர்ந்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா இப்ப விட்டா கேக்க முடியாது. தம்பியோட சிறுநீரகம், இருதயம், கண்ணு, இதெல்லாம் வேற உயிருங்களக் காப்பாத்தும். நீங்க சம்மதிச்சா மட்டும்தான். வேணாம்னு சொன்னாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பாட்டிதான் முதலில் பேசினார்: "எம் புள்ளய முழுசாக் கொண்டாங்கடா. அறுத்துக் கூறு போட்டா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பான்." அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அண்ணன் தலையை ஆட்டினார். தாதி எங்கள் கையைத் தொட்டுவிட்டு எழுந்து போனார். அன்று மாலை பையனை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மறுநாள் எரித்தோம்.

நேயர்களே, அன்று நாங்கள் சொன்னது தவறு என்று இப்போதும் சொல்லமாட்டோம். துக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் சொல்லுக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. ஆனால் ஓர் உண்மை உண்டு. பையனின் விருப்பம் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் உயிரோடு இருந்தபோது நாங்கள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. தெரியாத ஒன்றுக்கு அரைமணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நிலை உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த உரை.

அன்று எங்கள் மனத்தை அடைத்துக்கொண்டு நின்ற ஐயங்கள் ஐந்து. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் ஐயம்: மூச்சு வருகிறதே, அது எப்படிச் சாவாகும்?

இதை நம் தோட்டத்து மரத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் பால்மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கும். புதிதாய் வந்தவன் பார்த்தால், மரம் பட்டுவிட்டது என்பான். ஆனால் சில வாரங்களில் துளிர் விடும். ஏனென்றால் வேர் உயிரோடு இருக்கிறது. நினைவிழந்து கிடக்கும் நோயாளி இப்படிப்பட்டவர். அவருடைய மூளையில் உயிர் இருக்கிறது. அவர் மீளலாம், மீளாமலும் போகலாம். அவரிடம் உறுப்பு எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு மரம் இருக்கிறது. புயலில் வேரோடு சாய்ந்த மரம். மறுநாள் போய்ப் பாருங்கள், இலை பச்சையாகத்தான் இருக்கும். பட்டையைக் கீறினால் பாலும் கசியும். ஆனால் அந்த மரம் இனி எழாது. மூளைச்சாவு என்பது இதுதான். மூளையும், மூச்சை நடத்தும் மூளைத் தண்டும் அழிந்துவிட்டன. மார்பு ஏறி இறங்குவது இயந்திரம் காற்றை உள்ளே தள்ளுவதால். அந்தக் காற்றில் உள்ள பிராணவாயுவைக் கொண்டு இருதயம் இன்னும் கொஞ்ச நேரம் துடிக்கும். அதனால்தான் உடல் சூடாக இருக்கிறது. இயந்திரம் இருந்தாலும் அந்த இருதயமும் பெரும்பாலும் சில நாட்களுக்குள் நின்றுவிடும்.

இதை ஒருவர் மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. இரண்டு சிறப்பு மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்குகிறதா, தொண்டையைத் தீண்டினால் இருமல் வருகிறதா, இயந்திரத்தை விலக்கினால் தானாக மூச்சு எழுகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். சில மணி நேரம் கழித்து அதே சோதனைகளை மீண்டும் செய்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே விடை வந்தால்தான் இறப்பு உறுதி செய்யப்படுகிறது.

இரண்டாம் ஐயம்: தானம் செய்ய ஒப்புக்கொண்டவன் என்று தெரிந்தால், வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடுவார்களோ?

இந்தப் பயம் நம்மிடம் நிறைய உண்டு. தோட்டத்து மக்கள் பெரிய ஆஸ்பத்திரியில் மிரண்டு நின்ற காலம் நெடியது. மொழி புரியாமல், நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். ஆகவே பயம் இயல்பே. அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஒரு காவல் இருக்கிறது. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டிலேயே மனிதத் திசுக்கள் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தவர் இறந்துவிட்டார் என்று இரு மருத்துவர்கள் நேரில் சோதித்து உறுதி செய்ய வேண்டும், உறுப்பை எடுக்கும் மருத்துவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உயிரைக் காக்கப் போராடுகிற குழு வேறு, உறுப்பு மாற்றும் குழு வேறு. முதற்குழு தன்னால் ஆனதையெல்லாம் செய்து தோற்ற பிறகுதான் இரண்டாம் குழுவுக்கு அங்கே வேலை.

மூன்றாம் ஐயம்: உடலைச் சிதைத்துவிடுவார்களே! பிள்ளையைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, முகம் பார்த்து வழியனுப்ப முடியாதே!

இது பாட்டியின் ஐயம். பெற்ற வயிற்றின் ஐயம். இதை எள்ளி நகையாடக் கூடாது. உறுப்பை எடுப்பது, உயிருள்ளவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் அதே அரங்கில், அதே கவனத்தோடு நடக்கிறது. முடிந்தபின் தையல் போட்டு, உடலைத் துடைத்துத் தூய்மைப்படுத்திக் குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். சட்டை போட்டுவிட்டால் தையல் தெரியாது. கண்ணைக் கொடுத்திருந்தாலும் இமை மூடி, தூங்குவது போலவே முகம் இருக்கும். குளிப்பாட்டலாம், வாய்க்கரிசி போடலாம், நீர்மாலை எடுக்கலாம். எட்டாம் துக்கம், கருமாதி எதற்கும் குறைவில்லை. உடல் கைக்கு வரச் சில மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவே. உறுப்பை எடுக்கும் அறுவைக்குக் குடும்பத்தார் காசு கட்ட வேண்டியதுமில்லை.

நான்காம் ஐயம்: சாமி குற்றம் ஆகாதா? அடுத்த பிறவியில் ஊனமாய்ப் பிறக்க மாட்டோமா?

நாமும் கோயிலுக்குப் போகிறவர்கள்தாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள்தாம். அந்த நம்பிக்கைக்குள்ளேயே நின்று எண்ணிப் பார்ப்போம். இறந்த உடலை நாம் என்ன செய்கிறோம்? நெருப்புக்குக் கொடுக்கிறோம், அல்லது மண்ணுக்குக் கொடுக்கிறோம். கண்ணும் இருதயமும் அதோடு சாம்பலாகின்றன. சாம்பலான கண்ணால் அடுத்த பிறவியில் குருடு வராதென்றால், இன்னொருவருக்குப் பார்வையான கண்ணால் மட்டும் குருடு வருமா? பிறவியைத் தீர்மானிப்பது வினை என்றல்லவா நம் முன்னோர் சொன்னார்கள்? உயிர் நீங்கிய உடலை வெறும் கூடு என்றுதானே பாடி வைத்தார்கள்?

கண்ணப்பர் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். இறைவன் திருவிழியில் குருதி வழியக் கண்டு, தம் கண்ணையே தோண்டி அப்பினார் அந்த வேடர். அவரை நாயன்மார்களில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தான் சிபி. தேவர்களுக்காகத் தம் முதுகெலும்பைக் கொடுத்தார் ததீசி முனிவர். இவர்களெல்லாம் உயிரோடு இருக்கும்போது கொடுத்தவர்கள். நம்மிடம் கேட்பதோ, இனி நமக்குப் பயன்படாததை.

மற்றச் சமயத்தாரும் இதை எண்ணிப் பார்த்து வழி கண்டிருக்கிறார்கள். கண்ணும் இருதயமும் மாற்றிப் பொருத்துவது ஆகும் என்று இந்நாட்டின் தேசிய ஃபத்வா மன்றம் 1970-ஆம் ஆண்டிலேயே முடிவு கூறியது. கத்தோலிக்கர்களின் தலைவராயிருந்த போப் இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டில் ரோம் நகரில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில் பேசும்போது, உறுப்புத் தானத்தை அன்பின் செயலாகப் போற்றினார்.

ஐந்தாம் ஐயம்: நம் பிள்ளையின் உறுப்பைப் பணக்காரனுக்கு விற்றுவிடுவார்களோ?

உறுப்பு விற்பனைக்கு உரியதன்று. காசு கொடுப்பதும் கூடாது, வாங்குவதும் கூடாது என்பது நம் சுகாதார அமைச்சின் கொள்கை. காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருக்கிறது. இரத்த வகை பொருந்துகிறதா, திசு பொருந்துகிறதா, யாருக்கு அவசரம், யார் நெடுநாள் காத்திருக்கிறார் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். இனமோ, சம்பளமோ பார்ப்பதில்லை.

இதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டில் பதினான்கு வயதுச் சீனச் சிறுமி ஒருத்தி, சுமார் ஓராண்டாக இயந்திர இருதயத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். அவ்வாண்டு அக்டோபர் மாதம், சாலை விபத்தில் இறந்த பதினைந்து வயது மலாய்ச் சிறுவனின் இருதயத்தை அவன் பெற்றோர் கொடுத்தனர். அந்த இருதயத்தை அவள் உடல் ஏற்கவில்லை. நாடே கலங்கி நின்றபோது, மறுநாளே வேறொரு குடும்பம் தன் மகனின் இருதயத்தைக் கொடுக்க முன்வந்தது. சிறுமி பிழைத்தாள். முதலில் கொடுத்த பெற்றோரின் மனத்தை எண்ணிப் பாருங்கள். தம் மகனின் இருதயம் நிலைக்காமற் போனாலும், அவர்கள் கொடுத்தது வீணென்று யாராவது சொல்ல முடியுமா?

இனி, இந்தத் தானம் யாருக்குத் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். எங்கோ இருக்கும் யாருக்கோ என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் நமக்கே.

மலேசியாவில் இன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரத்தச் சுத்திகரிப்பில் உயிர் வாழ்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்பு நீர். அந்த இனிப்பு நீர் நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் மிகுதி. நம் லயங்களில் பாருங்கள், தாமான்களில் பாருங்கள், வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் வரிசைக்கு இருவர் இருப்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு குழாயால் பிணைக்கப்பட்டுக் கிடக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால், வாரத்தில் மூன்று நாள் வேலை போயிற்று. கணவனுக்கு என்றால் கூடவே மனைவியின் வேலையும் போயிற்று. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

ஒரு சிறுநீரகம் கிடைத்துவிட்டால் இந்தக் கட்டு அவிழ்கிறது. வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மனிதன் மீண்டும் வேலைக்குப் போகலாம், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கலாம். இந்த வைத்தியம் நமக்குப் புதிதன்று. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று 1975-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே நடந்தது. தேசிய இருதய நிலையத்தில் முதல் இருதய மாற்று 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்தது. செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன. கொடுப்பவர்கள்தாம் போதவில்லை. ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, இறந்தபின் உறுப்பு கொடுப்போர் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள்.

ஒருவரின் உறுப்புகள் எட்டு உயிர்கள் வரை காக்கலாம் என்பது மருத்துவக் கணக்கு. சிறுநீரகம் இரண்டு, நுரையீரல் இரண்டு, இருதயம், கல்லீரல், கணையம், குடல். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் பெரும்பாலும் இவற்றை எடுக்க முடியும். ஆனால் கண்ணின் கருவிழிப் படலத்தை, வீட்டில் படுக்கையில் இறந்தவரும் கொடுக்கலாம். சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடி போட்டவரும், வயதானவரும் கொடுக்கலாம். இனிப்பு நீர் உள்ளவரும், இரத்த அழுத்தம் உள்ளவரும் பதிவு செய்துகொள்ளலாம். எது பயன்படும், எது பயன்படாது என்று அந்த நேரத்தில் மருத்துவர்கள் சோதித்துச் சொல்வார்கள்.

பதிவு செய்வது கடினமன்று. கைத்தொலைபேசியில் மைசெஜாத்ரா செயலி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால், சில நிமிடங்களில் செய்து தருவார்கள். அரசாங்க மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பதிந்தபின் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். எழுதி வைக்காதவர் கூட, கடைசி நோயில் கிடக்கும்போது, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் வாயால் சொன்னாலே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செல்லும்.

ஆனால், நேயர்களே, பதிவோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. நீங்கள் பதிந்திருந்தாலும், அந்த நேரம் வரும்போது மருத்துவர்கள் உங்கள் குடும்பத்தாரைத்தான் கேட்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் எடுக்க மாட்டார்கள். ஆகவே பதிவைவிடப் பெரியது பேச்சு. மனைவியிடம் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். "எனக்கு ஏதாவது ஆனா, கண்ணக் குடுத்துடுங்க" என்று ஒரு வார்த்தை போதும். விருப்பமில்லையென்றால் அதையும் சொல்லி வையுங்கள். அதுவும் குடும்பத்துக்குப் பெரிய உதவிதான். கொடுப்பதற்கு யாரையும் வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தி வாங்குவது தானமுமாகாது.

எங்கள் வீட்டுக் கதையின் மீதியையும் சொல்லி முடிக்கிறோம். பையன் போன மறு ஆண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக அண்ணி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனார். அங்கே வரிசையாகப் படுக்கைகள். ஒரு படுக்கையில், பையன் வயதில் ஓர் இளைஞன், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, கையில் குழாயோடு கிடந்தான். ஏழு ஆண்டுகளாக வருகிறானாம். அண்ணி வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்றபடியே அண்ணனிடம் சொன்னார்: "நம்ம பையன் ரெண்டு தடவ ரத்தம் குடுத்தவன். அவனக் கேட்டிருந்தா, குடுங்கம்மான்னுதான் சொல்லியிருப்பான். நாம கேக்காம விட்டுட்டோம்."

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் இருவரும் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். பாட்டி பதியவில்லை. "எனக்கு வேணாம்டா, நான் வந்தபடியே போறேன்" என்றார். அதையும் நாங்கள் குறித்து வைத்துக்கொண்டோம். பாட்டி சென்ற ஆண்டு காலமானார். அவர் விருப்பப்படியே அனுப்பி வைத்தோம். அன்று வீட்டில் யாருக்கும் குழப்பமில்லை, வாக்குவாதமில்லை.

நேயர்களே, இன்றிரவு சாப்பாடு முடிந்து எல்லாரும் ஒன்றாக உட்காரும்போது, இந்தப் பேச்சை ஒருமுறை எடுங்கள். முதலில் அதட்டல் விழும். பரவாயில்லை. மறுநாள் மீண்டும் எடுங்கள். அப்படியே இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் சிறுநீரகத்தை நாம் காத்துக்கொண்டால், காத்திருப்போர் வரிசையில் ஓர் ஆள் குறைவு.